தளை தட்டாத சக்கரங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வேப்பம்பட்டில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேப்பம்பட்டில் கவிதை படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானே வந்துவிடும். தொடர்வண்டி நெருங்கும் ஓசை எழுந்தால் அடுத்த அடியைச் சற்று நிறுத்தி வைப்பார்கள். ஓசை அடங்கியபின் தொடர்வார்கள். அந்த வண்டி ஓடும் தடம் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை. 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை மக்களுக்காகத் திறக்கப்பெற்றது. கவிதைக்குக் குறுக்கே வரும் அந்த வண்டியே இன்றைய உரையின் பொருள். ஆனால் இது மேசைமேல் ஓடும் மிகச் சிறிய வண்டி. அதிலும், கடையில் கிடைக்காத உறுப்புகளைத் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் கையாலேயே செய்து எஞ்சின் கட்டும் கலை.

விளையாட்டுப் பொருளுக்கு இலக்கிய மேடையில் என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். வாங்கி ஓட்டுவது விளையாட்டு. அளந்து செய்வது வேறு. அந்த வேறுபாட்டைக் கவிஞர்கள் எளிதில் உணர்வார்கள். இரவல் சொற்களால் கட்டிய பாடலும் பாடல் போலத்தான் ஒலிக்கும். ஆனால் அதில் பாடியவருடைய ஊர் இராது.

உலகில் மிகுதியாகப் பழகும் சிற்றளவு, மெய்யான வண்டியின் 87இல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர்ப் பாதையை 87ஆல் வகுத்தால் இந்த அளவு சரியாக வரும். இந்திய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதை அவ்வாறே வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே இந்திய எஞ்சினொன்றைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடலின் கீழே கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும். வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவுதான். பழகிய கண்ணுக்கு அது போதும்.

இங்கே மூன்று வழிகள் திறக்கின்றன. ஒடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்டவாளத்தையும் அச்சுகளையும் சக்கரங்களையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். அல்லது 100இல் ஒரு பங்கு என்று அளவையே மாற்றலாம். அப்போது அகலப் பாதை 16.76 மில்லிமீட்டராகிக் கடைத் தண்டவாளத்தோடு ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் 87க்கெனச் செய்து விற்கும் கதவும் சன்னலும் மனித உருவும் அதன்பின் பொருந்தா. எவ்வழியில் சென்றாலும், எங்கோ ஓரிடத்தில் கையாலேயே செய்தாக வேண்டும். இந்நாட்டு எஞ்சின் வேண்டுபவருக்குச் செய்கலை தப்ப முடியாத கடமை.

எடுத்துக்காட்டாக டபிள்யூ.பி. எஞ்சினைக் கொள்ளலாம். 1947இல் அமெரிக்காவின் பால்டுவின் நிறுவனத்திலிருந்து முதல் பதினாறு எஞ்சின்கள் வந்தன. பின்னாளில் சித்தரஞ்சனிலும் அவை உருவாயின. துப்பாக்கிக் குண்டின் முனை போன்ற முகமும் அதன் நடுவே ஒரு விண்மீனும் கொண்ட அந்த எஞ்சினை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பெரிய சக்கரம் ஐந்தடி ஏழங்குலம். 87இல் ஒரு பங்காகச் சுருங்கினால் 19.6 மில்லிமீட்டர். கொதிகலத்தைக் கால் மில்லிமீட்டர்ப் பித்தளைத் தகட்டை வளைத்துச் செய்வார்கள். தறையாணித் தலைகளை ஒட்டுவதில்லை. தகட்டின் பின்புறமிருந்து மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்தி முன்புறம் புடைக்கச் செய்வார்கள். புகைபோக்கியை லேத்தில் கடைவார்கள். சிக்கலான சிற்றுறுப்புகளை மெழுகில் உருவாக்கி, அதன்மேல் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலைச் சிற்பியர் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே. உலோகம் ஆறும்போது சிறிது சுருங்கும். அதனால் மெழுகுருவை முன்கூட்டியே ஓர் இம்மி பெரிதாக அமைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானவை சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் தண்டுகள். தண்டின் துளைகளுக்கிடையே உள்ள தொலைவும், அச்சுகளுக்கிடையே உள்ள தொலைவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சக்கரம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஓரிடத்தில் திக்கி நிற்கும். யாப்பறிந்தவர்கள் இதைத் தளை தட்டுகிறது என்பார்கள். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. வலப்பக்கத் தண்டுக்கும் இடப்பக்கத் தண்டுக்குமான இரு தகடுகளையும் ஈயப் பற்றினால் ஒன்றாக ஒட்டி, ஒரே முறையில் துளையிட்டு, ஒரே முறையில் அராவி, பின்னர் சூடுகாட்டிப் பிரித்துவிடுவார்கள். இருபக்கத் துளைகளும் அதனால் ஒத்திருக்கும். இரண்டு பக்கத்து ஊன்றிகளையும் கால் சுற்று, அதாவது 90 பாகை, முன்பின்னாக நிறுத்துவதும் விதி. ஒரு பக்கம் விசையற்று நிற்கும் கணத்தில் மறுபக்கம் தள்ளிக் கொடுக்கும். மெய்யான இரட்டை உருளை நீராவி எஞ்சினிலும் பொதுவிதி இதுவே.

இத்துணை அளவு பார்ப்பவர்களும் ஓரிடத்தில் அளவை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சக்கரம் தண்டவாளத்தைவிட்டு விலகாமல் காக்கும் விளிம்பின் ஆழம் மெய்யான வண்டியில் 28.5 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்காக்கினால் 0.33 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய விளிம்போடு சிறு வண்டி மேசைமேல் நில்லாது; ஏறத்தாழ இருமடங்காக வைத்தே ஆக வேண்டும். எடையிலும் இதே சிக்கல் எழுகிறது. நீளம் 87இல் ஒன்றானால் எடை 87ஐ மும்முறை பெருக்கிய தொகையில் ஒன்றாகும். நூறு டன் எஞ்சின் வெறும் 150 கிராம் ஆகிவிடும். அது பெட்டிகளை இழுக்கத் திணறும். அதனால் கொதிகலத்தினுள் ஈயத்தை மறைத்து வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈயமே வண்டியை ஓட வைக்கிறது. எங்கே அளவு காப்பது, எங்கே மீறுவது, மீறியதை எவ்வாறு உறுத்தாமல் வைப்பது என்பதே கலைஞரின் தேர்வு. கவிதையிலும் வேறென்ன நிகழ்கிறது?

இக்கலை சிறு வண்டியோடு நின்றுவிடுவதில்லை. இதே தடத்தில் கிழக்கே சென்றால் பெரம்பூர் எஞ்சின் பணிமனை. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பெற்ற இ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சின், 1909இல் ஓய்வு பெற்று, நூறாண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதனைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் 2010இல் மீண்டும் ஓட வைத்தார்கள். அரித்துப்போன உறுப்புகளுக்கு எந்தக் கடையில் விலை கேட்பது? திருச்சிப் பொன்மலையிலோ, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நீலகிரி மலை எஞ்சின்களின் வழியில், 2011 தொடங்கிப் புதிய எஞ்சின்கள் உருவாயின. 2021இல் நிலக்கரியில் இயங்கும் எஞ்சினும் வெளிவந்தது. அளவு சிறிதோ பெரிதோ, விலைக்குக் கிடைக்காத உறுப்பை அளந்து செய்யும் அறிவு ஒன்றே.

அந்த அறிவுக்கு இன்று நேர்ந்திருப்பதுதான் கவலைக்குரியது. இந்திய அகலப் பாதையில் நீராவி எஞ்சினின் வழக்கமான ஓட்டம் 1995இல் முடிவுற்றது. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் பழைய இரும்பாக வெட்டப்பட்டன. மேடைகளில் நிறுத்தப்பெற்றவை சில. புனேயில் பி. எஸ். ஜோஷி 1998இல் திறந்த சிற்றளவு இரயில் காட்சியகமும், சென்னையில் 2002இல் திறக்கப்பெற்ற மண்டல இரயில் காட்சியகமும் நினைவைக் காக்கின்றன. ஆயினும் இரும்பு நின்றால் போதாது. ஓர் உறுப்பு ஏன் அந்த வளைவில் அமைந்தது, எங்கே முதலில் தேய்ந்தது என்பதெல்லாம் கையாண்டவர்களின் நினைவில்தான் உள்ளன. இன்று கணினியில் வரைந்து, பிசினை அடுக்கடுக்காக உறையச் செய்து, ஓரிரவில் உறுப்பை அச்சிட்டு எடுக்கலாம். வரைவதற்குரிய அளவை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அந்தப் பொறி விடை சொல்லாது.

விடை சொல்லக்கூடியவர்கள் தொலைவில் இல்லை. அம்பத்தூரின் லேத்துப் பட்டறைகளுக்கும், ஆவடிக்கும், பெரம்பூருக்கும் விடியலில் புறப்பட்டு இரவில் திரும்பியவர்கள் இத்தடத்து ஊர்களில் ஓய்ந்து அமர்ந்திருக்கிறார்கள். விரல் நுனியால் தடவியே தகட்டின் பருமனைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய தொழிற்சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. சொல்லைச் சேர்ப்பது எஞ்சின் கட்டுபவரின் வேலையன்று; இலக்கிய வட்டங்களின் வேலை. ஓர் உறுப்பின் பெயர் மறைந்தால், அதைச் செய்யும் வழியும் பாதி மறைந்துவிடும்.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் கூட்டமொன்றில், கவிஞருக்கு அருகே ஓய்வு பெற்ற கடைசல்காரர் ஒருவரும் அமர்ந்து பேசட்டும். தொடர்வண்டி கடக்கும்போது கவிதை நிற்கும் அந்த ஒரு நொடியில், என்ன ஓடுகிறது என்பதை அவர் சொல்லட்டும், கேட்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

வாழ்க வட்டம்! வளர்க தமிழ்!