ஆட்சிக்குழு மேசைக்கு நம் மனு போகிறதா?

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கோவிலுக்கு நோட்டீஸ் வந்தபோது நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடித்தான் ஓடினோம். மாலை போட்டோம், மனு கொடுத்தோம், படமும் எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு குமாஸ்தா சொன்னார்: "ஐயா, நிலம் மாநில விவகாரம். ஆட்சிக்குழுவுக்குத்தான் போகவேண்டும்." அந்த ஆறு மாதத்தில் பாதி வேலி போட்டு முடித்துவிட்டார்கள்.

அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன். குடியுரிமை, அடையாள அட்டை, ஆசிரியர் சம்பளம் எல்லாம் புத்ராஜெயா பார்ப்பது. நிலமும் நகராண்மைக் கழகமும் மாநிலத்தின் கையில். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது கல்வி அமைச்சு. ஆனால் அந்தப் பள்ளிக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு.

சரி, இந்த ஆட்சிக்குழு எப்படி அமைகிறது? தேர்தல் முடிந்ததும், சட்டமன்றத்தில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று சுல்தான் கருதுகிறாரோ அவரை மந்திரி பெசாராக நியமிப்பார். சுல்தான் இல்லாத பினாங்கிலும் மலாக்காவிலும் ஆளுநர் முதலமைச்சரை நியமிப்பார். மற்ற உறுப்பினர்கள் மந்திரி பெசாரின் ஆலோசனைப்படி வருவார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை 4 பேருக்குக் குறையாமல், 10 பேருக்கு மேல் போகாமல் என்கிறது. சிலாங்கூரில் மந்திரி பெசாரோடு சேர்த்து 11 பேர்.

எல்லாரும் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்கவேண்டும். மத்தியில் தோற்றவரைக்கூட செனட்டர் ஆக்கி அமைச்சர் பதவி கொடுக்கலாம். பகாங், சபா போன்ற மாநிலங்களில் நியமன உறுப்பினர்கள் உண்டு. மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பின்வாசல் கிடையாது. ஆகவே வேட்பாளர் பட்டியலில் நம்மவருக்கு ஜெயிக்கிற தொகுதி கொடுக்கிறார்களா என்பதை அன்றைக்கே பார்க்கவேண்டும். ஆட்சிக்குழு பதவியேற்ற பிறகு "எங்கள் ஆள் எங்கே?" என்று கத்தி என்ன பயன்?

பெரும்பான்மை எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்குப் பேராக்கைப் பாருங்கள். 2008-இல் 59 இடங்களில் மக்கள் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 2009 பிப்ரவரியில் மூன்று பேர் விலகியதும் ஆட்சியே போனது. சட்டமன்றத்தைக் கலைக்கச் சொன்ன மந்திரி பெசார் நிசாரின் கோரிக்கையைச் சுல்தான் ஏற்கவில்லை. மே 7-ஆம் தேதி சபாநாயகர் சிவக்குமாரை அவையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதை நாம் மறக்க முடியுமா? பெரும்பான்மை இழந்ததை அறிய அவையில் வாக்கெடுப்பு நடந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று 2010-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

இனி அது வேலை செய்யும் விதம். கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், மந்திரி பெசார் தலைமை தாங்குவார். நில அலுவலகமும் மற்ற இலாகாக்களும் தயாரித்த அறிக்கைகள் மேசைக்கு வரும். ஒப்புதல் கிடைத்தால் உத்தரவு கீழே இறங்கும். முடிவு எடுத்தபின் அது எல்லாருடைய முடிவு. உள்ளே எதிர்த்தவரும் வெளியே வந்து தாங்கவேண்டும். இதைக் கூட்டுப்பொறுப்பு என்கிறார்கள். நில இலாகாவைப் பெரும்பாலும் மந்திரி பெசாரே வைத்துக்கொள்வார்.

"நமக்கு ஒரு எக்ஸ்கோ இருக்கிறார்" என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பாடாங் ஜாவா மாரியம்மன் கோவிலை ஷா ஆலாம் மாநகர் மன்றம் இடித்தது. அப்போதும் சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தார். அந்த மன்றத்தின் உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. 2008-இல் பேராசிரியர் இராமசாமி பினாங்கின் இரண்டாவது துணை முதலமைச்சர் ஆனபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆனால் பதினொரு குரலில் ஒரு குரல், அதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் நாம் கொடுக்காவிட்டால், என்ன பேசும்?

"நூறு வருஷமாகச் சாமி அங்கேதான் இருக்கிறது" என்பது நமக்குப் பெரிய வாதம். தேசிய நிலச்சட்டத்துக்கு அது வாதமே இல்லை. அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை வராது. தோட்ட நிலம் கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் ரப்பரையும் செம்பனையையும் அழித்து வீடு கட்ட வேண்டுமானால், நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனையை மாற்ற மாநிலத்தின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் மேசையில் இருக்கும் நாள்தான் நமக்கு நல்ல நாள். கோவிலுக்கு, பள்ளிக்கு, லயத்துக் குடும்பங்களின் வீட்டுக்கு இடம் ஒதுக்கினால்தான் அனுமதி என்று மாநிலம் சொல்ல முடியும். புல்டோசர் வந்தபின் போனால் கெஞ்சல்தான்.

ஆகவே தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்த அன்றே எழுதுங்கள். மந்திரி பெசாருக்கு ஒரு கடிதம், மாநிலச் செயலாளருக்கு ஒன்று, நில அலுவலகத்துக்கு ஒன்று. லாட் எண்ணைப் போடுங்கள், சங்கப் பதிவு எண்ணைப் போடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் பைல் நம்பர் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், எந்தக் கட்சியானாலும் சரி, அவையில் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே சொல்லும் பதில் பதிவாகும். வீட்டு வாசலில் சொல்லும் வாக்குறுதி பதிவாகாது.

கடித நகலோடு வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள். லாட் எண் தெரியாதவர்கள் பழைய குவிட் ரெண்ட் ரசீது இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.