சீதனமாய் வந்த இரு நூல்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாசிப்பினால் கிறிஸ்தவ வாழ்வு வளரும் வகையைப் பற்றிப் பேசுமாறு நம் சங்கச் செயலாளர் பணித்துள்ளார். நாம் பள்ளியிறுதி வகுப்போடு ரயில்வே எழுத்தராய் அமர்ந்தவர்; குருமார்க்குரிய பொருளைத் தொடுவது துணிவுதான். பிற சமயத்து அன்பர்கள் தத்தம் வீட்டுத் திருநூலை நினைந்து கேட்பார்களாக.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுப் பகுதியில் ஜான் பனியன் என்பார் வாழ்ந்தார். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். மணம் புரிந்தபோது தம்மிருவரிடமும் ஒரு தட்டோ கரண்டியோ கூட இருந்ததில்லை என்று அவரே எழுதியுள்ளார். ஆயினும் மணமகள் தம் தந்தை விட்டுச்சென்ற பக்தி நூல்கள் இரண்டைக் கொண்டுவந்தார். கணவரும் மனைவியும் அவற்றைச் சிற்சில வேளைகளில் சேர்ந்தமர்ந்து வாசித்தனர். (நம் காலனியில் எழுதப்படும் சீதனப் பட்டியல்களில் புத்தகம் ஒன்றேனும் இடம்பெறக் கண்டோமில்லை.)

வாசித்த மாத்திரத்தில் பனியன் பக்தராகிவிட்டாரா? இல்லை. அந்நூல்கள் தம் நெஞ்சின் ஆழத்தை எட்டவில்லை, சமயத்தின்பால் ஓர் ஆவலை மட்டுமே எழுப்பின என்று ஒளிக்காமல் கூறுகிறார். பின்னொரு நாள், வெயிலில் வாயிற்படியில் அமர்ந்து தெய்வ காரியம் பேசிக்கொண்டிருந்த சில ஏழைப் பெண்களின் சொற்கள் அவரை உலுக்கின. அதன் பின்னும் நெடுங்காலம் மனப் போராட்டம். தடையை மீறிப் பிரசங்கித்தமைக்காக 1660-இல் சிறை புகுந்து 1672 வரை அங்கிருந்தார். திருமறை ஆங்கும் அவருக்குத் துணையாயிற்று. 1678-இல் வெளிவந்த அவரது நூலே தமிழில் 'மோட்ச பிரயாணம்' என வழங்குவது. அதனைத் தழுவி, நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை யாத்த 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் அச்சேறிற்று. பெயரறியா ஒரு தந்தை மகளுக்கு விட்டுச்சென்ற இரண்டு புத்தகங்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்துள்ளன!

இனி, நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். திருமறை முழுவதையும் ஓராண்டில் முடிப்பதென்று உறுதி பூண்டு, நாளொன்றுக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்து, ஓரத்தில் பென்சிலாற் குறியிட்டு வந்தோம். அலுவலகப் பதிவேட்டைச் சரிபார்ப்பது போலவே இருந்தது. அக்காலத்தில் உடன் பணிபுரியும் ஒருவரோடு பேச்சற்றிருந்தோம். சகோதரனோடு ஒப்புரவாகிய பின்னரே காணிக்கை செலுத்து என்னும் மலைப் பிரசங்கப் பகுதிக்குக் குறியிட்ட அன்றே, தண்ணீர்க் குழாயடியில் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆண்டு முடிந்தது, குறிகள் நிறைந்தன, பகை அப்படியே நின்றது.

12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசிப்பு என்பது உணவை வாயிலிடுவது, தியானமே அதனை மெல்லுவது என்றார். நாம் மெல்லாமல் விழுங்கியிருக்கிறோம். மறு ஆண்டு அதே பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் நகராதிருந்தோம். ஆறாம் நாள் அந்த நண்பரின் மேசைக்குச் சென்று நின்றோம். அவர் ஒன்றும் கேளாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மற்றொன்று. எம் தாயாருக்குக் கண்ணிற் புரை விழுந்து எழுத்து மறைந்துவிட்டது. ஓர் இரவு நாம் பணியிலிருந்தபோது, பேரனை அழைத்து, 119-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டடா என்றாராம். இந்தியும் ஆங்கிலமும் சரளமாய் வாசிக்கும் பையன் தமிழ் எழுத்தைப் பார்த்து விழித்திருக்கிறான். தாயார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் புத்தகத்தைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கடிந்திருந்தால் தாங்கியிருப்போம்.

அந்தச் சங்கீதம் எபிரேய மொழியில் அகர வரிசையில் அமைந்தது. 22 எழுத்துக்கு எட்டெட்டு வசனமாக 176 வசனங்கள். எழுத்துக் கற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? புத்தகத்தை மீண்டும் வெளியே எடுத்தோம். இப்போது இரவு உணவுக்குப் பின் பையன் விரல் வைத்து வாசிக்கிறான். இரவுக்கு எட்டு வசனம் என்று தொடங்கி இரண்டாகக் குறைத்துக்கொண்டோம். லகர ளகரம் பிழைத்தால், மனப்பாடமாய் அறிந்த பாட்டி கட்டிலிலிருந்தே திருத்துகிறார். நேற்று நாற்பதாம் வசனம் முடிந்தது.