விளையாட்டில் போட்டியும் கூட்டுறவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் என்னைப் பேசப் பணித்திருக்கிறீர்கள். விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தேன். விளையாடப் பட்டம் வேண்டியதில்லை அன்றோ? ஆயினும் நான் சொல்ல வந்தது வெறும் பொழுதுபோக்கைப் பற்றி அன்று. ஆட்டத்தின் வாயிலாகப் பலருடைய அறிவைத் திரட்டி, நெடுநாள் தீராத சிக்கலைத் தீர்த்த கதை அது.

நாமறிந்த ஆட்டத்திலிருந்தே தொடங்குவோம். நமது சாந்திபுரம், மூன்று மாநிலங்கள் நெருங்கி நிற்கும் மூலையில் உள்ளது. நாம் ஆடு புலி ஆட்டம் என்பதைத் தெலுங்கர் புலி மேக என்பர். கன்னடரும் ஆடு ஹுலி என்றே ஆடுவர். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குத் தாவி வெட்டும் வல்லமை உண்டு, ஆட்டுக்கு இல்லை. தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும். பின்னே மற்றோர் ஆடு துணை நின்றால் புலி தாவ இயலாது. எதிரியோடு போட்டி, தம்முள் கூட்டுறவு என்னும் இரண்டும் அச்சிறு கட்டத்திற்குள் அடங்கியிருக்கின்றன.

இனி, கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவில், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2008ஆம் ஆண்டில் 'ஃபோல்டிட்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டனர். நம் உடலில் தொழில் புரியும் புரதங்கள், இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலிகள். அச்சங்கிலி எவ்வாறு மடிகிறதோ, அதைப் பொறுத்தே அதன் தொழில் அமையும். மடியும் வழிகளோ கணக்கிலடங்கா. எனவே, அச்சங்கிலியைத் திரையில் காட்டி, இழுத்தும் முறுக்கியும் குலுக்கியும் நல்ல வடிவுக்குக் கொணரும்படி பொதுமக்களையே அழைத்தார்கள். ஆற்றல் குறைந்து அமைதியுற்ற வடிவுக்கு மதிப்பெண் அதிகம், அவ்வளவே விதி. ஆடியவர்களில் பெரும்பாலோர் உயிர்வேதியியல் பயின்றவர் அல்லர்.

இவ்வாட்டத்தில் நம்மவர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கோ. நா. இராமச்சந்திரன் அவர்கள், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எக்கோணங்களில் திரும்பலாம், எக்கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை அது காட்டும். உலகெங்கும் அதனை இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகின்றனர். ஃபோல்டிட் ஆடுவோர்க்கும் அவ்வரைபடம் ஒரு கருவியாக வைக்கப்பட்டுள்ளது. கிண்டியில் பிறந்த அறிவு, முகமறியாத எத்தனையோ பேரின் ஆட்டத்திற்கு வழிகாட்டுகிறது எனில், நாம் பெருமை கொள்வது தகும்.

பயன் யாது என்று கேட்பீர்கள். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயை விளைக்கும் வைரஸ் ஒன்றின் நொதியின் வடிவத்தை அறிஞர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேடிவந்தனர், கிட்டவில்லை. அப்புதிரை ஆட்டக்காரர் முன் வைத்தார்கள். மூன்றே வாரங்களில் விடைக்கு வழி பிறந்தது. ஒருவர் கண்ட வடிவை அவர் குழுவினர் ஒருவர் திருத்தினார். அதனை மூன்றாமவர் மேலும் திருத்தினார். 2011இல் அம்முடிவு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில், ஆட்டக் குழுக்களின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். அவ்வாட்டத்தில் தனியே ஆடுவோர்க்கு ஒரு தரவரிசை. தம் குழுவினர் கண்டதைத் திருத்தி மேம்படுத்துவோர்க்கு மற்றொரு தரவரிசை. முன்னதால் ஊக்கம் பிறந்தது. பின்னதால் ஒருவர் கண்டது வீணாகாமல் வளர்ந்தது. மேலும், தாம் கையாண்ட உத்திகளைச் சமையற் குறிப்புப்போல் எழுதிப் பிறருக்கு வழங்கவும் அங்கே வசதி இருந்தது. சில மாதங்களுக்குள் 5,000க்கு மேற்பட்ட குறிப்புகள் எழுதப்பட்டன. பலரும் கையாண்ட குறிப்பொன்று, அறிஞர்கள் தனியே கண்டு அதுவரை வெளியிடாதிருந்த முறையை ஒத்திருந்தது என்பதை அவ்வறிஞர்களே 2011இல் எழுதியுள்ளார்கள்.

"இப்போது இயந்திரமே இதையெல்லாம் செய்துவிடுகிறதே, மனிதர் ஆடி ஆவதென்ன?" என்று நம் இளைஞர் வினவலாம். நியாயமான வினாவே. 2020இல் 'ஆல்ஃபாஃபோல்ட்' என்னும் கணினி நிரல் புரத வடிவைக் கணிப்பதில் மனிதரை வெகுதூரம் பின்னிறுத்தியது. அதனை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவரும், ஃபோல்டிட்டைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அவ்வியந்திரம் எங்கே பயின்றது? ஆயிரமாயிரம் ஆய்வாளர்கள் தாம் கண்ட வடிவங்களை 1971 முதல் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்தார்களே, அதிலேதான். கண்டதை ஒளித்து வைத்திருந்தால் இயந்திரத்திற்கும் பாடம் கிடைத்திராது.

ரயில்வேயில் இருப்பவர்க்கு இது புதிதன்று. ஒற்றைப் பாதையில், அடுத்த நிலையத்தார் இசைவு தெரிவிக்காமல் இந்நிலையத்தார் வண்டியை விட இயலாது. நேரந்தவறாமையில் நிலையத்துக்கு நிலையம் போட்டி இருக்கலாம். இசைவு இன்றேல் ஓட்டமே இல்லை.

அன்பர்களே! நம் குடியிருப்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாலையில் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் அறிந்த கணக்கு அடுத்த வீட்டானுக்குத் தெரிவதில்லை. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயிலும் அவர்களுக்குத் தமிழ், வீட்டுப் பேச்சளவில் நிற்கிறது. நாமோ ஆண்டுதோறும் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு என்று தனியாருக்கே வழங்குகிறோம். பரிசு பெற்ற மூவர் மகிழ, முப்பது பேர் வாடி வீடு திரும்புகின்றனர். மறு ஆண்டு பெயர் கொடுக்கவும் தயங்குகின்றனர்.

தனிப்பரிசை நீக்குக என்று நான் கூறவில்லை. போட்டியின்றேல் முயற்சி சோரும். அதனோடு குழுப்பரிசு ஒன்றும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெரியவர், சிறியவர் கலந்த ஐவர் ஒரு குழு. அவருள் ஒருவர் நம் தெலுங்கு அண்டை வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். கணக்குப் புதிரோ, சொற்புதிரோ கொடுப்போம். விடைக்குப் பாதி மதிப்பெண். விடை கண்ட வழியை அவையோர்க்குத் தமிழில் விளக்குவதற்கு மறுபாதி. தெலுங்குப் பிள்ளை தெலுங்கில் விளக்கினாலும் ஏற்போம்.

2024இல் புடாபெஸ்டு நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியாவின் பொதுப் பிரிவு அணி தங்கம் வென்றது. சென்னைப் பிள்ளைகளான குகேஷும் பிரக்ஞானந்தாவும், தெலுங்கரான அர்ஜுன் எரிகைசியும் ஹரிகிருஷ்ணாவும் அவ்வணியில் உடனிருந்தனர். பலகை தனித்தனி, வெற்றி பொது. எல்லையில் வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான சான்று வேறு வேண்டுமோ?

அடுத்த ஆண்டு விழாவிலேயே இதனைத் தொடங்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!