கடாரத்துச் செங்கற்கள் புகட்டும் பாடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலய மண்டபத்தில் தொல்லியலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இந்நாட்டு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட பழங்காலக் கட்டட எச்சங்களுள் பல, வழிபாட்டிடங்களே ஆகும். அவற்றை எழுப்பியவர்களும் செங்கல் சுட்டு, கல் சுமந்து, இறைவனுக்கென ஓர் இல்லம் அமைத்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் மறைந்துவிட்டன. அவர்கள் அடுக்கிய கற்களுள் சில எஞ்சியுள்ளன. அவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது, அதை நிறைவேற்றும் வழி யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

கடாரமும் பூஜாங் பள்ளத்தாக்கும்

கடாரம் என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ஏறத்தாழ கி.பி. 1025ஆம் ஆண்டில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைக் கூறுமிடத்து அப்பெயரைச் சுட்டுகிறது. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் கண்டார். நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கிய செய்தி, லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற பட்டயத்தில் காணப்படுகிறது. அவ்விகாரம் கடாரத்து அரசனின் பெயரோடு தொடர்புடையது. வணிகமும் வழிபாடும் போரும் நட்பும் கடலின் இரு கரைகளையும் இணைத்திருந்தன என்பதற்கு இவை சான்றுகள்.

அக்கடாரத்தின் நிலப்பகுதியே இன்றைய கெடா மாநிலத்தின் தென்பகுதி. 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அடையாளமாய் விளங்கியது. அம்மலைக்கும் தெற்கே ஓடும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கட்டட எச்சங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பௌத்தர்களும் சைவ, வைணவ நெறியினரும் பயன்படுத்திய இவ்வழிபாட்டிடங்களைச் சண்டி என்று இந்நாட்டில் வழங்குவர்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ இப்பகுதியின் சிதைவுகளை முதலில் எழுத்தில் பதித்தார். 1834ஆம் ஆண்டில் இன்றைய செபராங் பிறையின் வடபகுதியில் அவர் கண்ட கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனைக் குறிப்பிடுகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அக்கல் கொல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்துவிட்டது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவருடைய துணைவியார் டோரதியும் அகழாய்வு நடத்தி, இடங்களுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தனர். புக்கிட் பத்து பகாட் குன்றின் சண்டியை 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டேர் லேம்ப் தலைமையிலான குழுவினர் மீண்டும் நிறுவினர். கருவறை விமானமும் முன்மண்டபமும் கொண்ட அதன் அமைப்பைக் காணும் எவரும், இன்றைய ஆலயங்களின் மூத்த உறவினரைக் கண்டதாகவே உணர்வர். புக்கிட் பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களின் சண்டிகள் மெர்போக் தொல்லியல் அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளன.

இரண்டு இழப்புகள்

அன்பர்களே, இவ்வட்டாரத்தில் நேர்ந்த இரண்டு இழப்புகளை அருகருகே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1843ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேர்ந்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள பாறையொன்று நின்றது. ஐம்பது வரிகள் அளவிலான பழைய எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அங்குக் கட்டுமானப் பணிக்கு இடம் வேண்டியபோது அப்பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பூஜாங் சிதைவுகளை எழுதிவைத்த அதே ஜேம்ஸ் லோ சில துண்டுகளைத் தேடி மீட்டார். ஒரு துண்டு மட்டும் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. எஞ்சிய சில எழுத்துகளைக் கொண்டு அதன் முழுச் செய்தியை எவராலும் படிக்க இயலவில்லை. அக்காலத்தில் அதைத் தடுக்கத்தக்க சட்டம் எதுவும் இருந்ததில்லை.

இரண்டாவது, 170 ஆண்டுகள் கழித்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் நேர்ந்தது. சுங்கை பத்துப் பகுதியில், ஆய்வாளர்களின் பதிவில் 11ஆம் எண் பெற்றிருந்த சண்டியின் எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அகற்றப்பட்டுவிட்டது என்னும் செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நாடெங்கும் பல இன மக்களும் வருந்தினர். இம்முறை சட்டம் இருந்தது. அருகிலேயே அருங்காட்சியகம் இருந்தது. நூல்களில் குறிப்பும் இருந்தது. எனினும் அந்நிலம் தனியாருக்குரியது. அச்சண்டி சட்டப்படி பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

1843இல் இருந்த குறை சட்டமின்மை. 2013இல் இருந்த குறை வேறு. அறிஞர் அறிந்திருந்ததை நில அலுவலகத்தின் ஏடு அறியவில்லை. ஏட்டில் இல்லாததை இயந்திரம் ஓட்டியவர் அறிந்திருக்க வழியில்லை. அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் மறுபக்கமும் நிற்க, இடையே ஒரு சண்டி மறைந்தது.

சட்டம் செய்யக்கூடியது

மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்திற்கு மாற்றாக, 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் இயற்றப்பட்டு 2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. பாரம்பரிய ஆணையர் ஒருவரையும் தேசியப் பதிவேட்டையும் அச்சட்டம் ஏற்படுத்தியது. பண்பாட்டுச் சிறப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர், ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதன் விதி. தோட்டத்தில் குழி வெட்டும்போதோ ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால், அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் பூசை மாடத்தில் வைத்துக்கொள்வதும் முறையாகா என்பதை எல்லாரும் அறிதல் வேண்டும். பொருளைக் கிடைத்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால், அது சொல்லவிருந்த வரலாற்றில் பாதி அங்கேயே அழிந்துவிடுகிறது.

ஆயினும் சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. கூட்டரசு அமைப்பில் நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்குட்பட்டது. ஓரிடத்தைப் பாரம்பரிய இடமாக அறிவிக்க மாநிலத்தின் இசைவும் தேவைப்படுகிறது. ஆகவே கொள்கையளவில் மூன்று செயல்கள் இன்றியமையாதன. ஆய்வாளர் கண்ட ஒவ்வோர் இடமும் எல்லை அளக்கப்பட்டு நில ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். நில மேம்பாட்டுக்கு இசைவு வழங்குமுன் அக்குறிப்பைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். தனியார் நிலத்தில் எச்சம் இருப்பின், உரிமையாளருக்கு ஏற்படும் இழப்புக்கு நேரிய ஈடு வேண்டும். ஈடு செய்யாது பொறுப்பை மட்டும் சுமத்தினால், எச்சத்தைக் கண்டவர் அதை மறைக்கவே விரும்புவர்.

காக்கப்பட்ட இடம் பிறகு என்ன தரும் என்பதற்கும் அதே பள்ளத்தாக்கு விடை கூறுகிறது. சுங்கை பத்தில் 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களும் பெருமளவில் வெளிப்பட்டன. புக்கிட் சோராஸ் குன்றில் 2023ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், பெரிதும் சிதையாத நிலையில் சுதையாலான புத்தர் உருவம் கிடைத்தது. லோ காலந்தொட்டு அறியப்பட்ட இடமே அது. இடையில் எவரேனும் அக்குன்றைச் சமப்படுத்தியிருந்தால் அவ்வுருவம் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கல்வி செய்ய வேண்டியது

வரலாற்றுப் பாடத்தில் பழங்கெடாவின் பெயர் வருகிறது. தேர்வுக்காக மனனம் செய்த பெயர் தேர்வோடு மறந்துபோகும். சுங்கைப் பட்டாணியிலிருந்து சிறு பயணத் தொலைவிலுள்ள அவ்விடத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று, செங்கல்லின் அளவை அளக்கச் செய்து, ஆறு எங்கே ஓடியது, கப்பல் எங்கே நின்றது என்று வினவினால் அவ்வறிவு வாழ்நாள் முழுதும் நிற்கும்.

கற்பிப்பவர் உண்மையையும் அளவோடு கற்பித்தல் வேண்டும். வேல்ஸ் தம் ஆய்வில் இப்பண்பாட்டை இந்தியக் குடியேற்றத்தின் விளைவாகக் கண்டார். நிக் ஹசான் சுஹைமி போன்ற மலேசிய அறிஞர்கள், உள்ளூர் மக்களின் திறனையும் பங்கையும் எடுத்துக்காட்டினர். சுங்கை பத்து எச்சங்களின் மிகப் பழைய காலக்கணிப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோழன் படையெடுத்தான் என்பதனாலேயே அங்குள்ள கற்களெல்லாம் சோழன் கட்டியவை என்று மேடையில் முழங்குவது வரலாறாகாது. அது பிற இனத்தவரை இவ்வுடைமையிலிருந்து விலக்கியும் வைத்துவிடும். கடலோடிகளும் உள்ளூர்க் கைவினைஞரும், பௌத்தரும் சைவரும் சேர்ந்து உருவாக்கிய நாகரிகத்திற்கு மலேசியர் அனைவரும் வாரிசுகள். எல்லாரும் தமதெனக் கருதும் பொருளுக்கே காவலர் மிகுதி.

ஆலயங்களின் பங்கு

பெரியோர்களே, அரசையும் பள்ளியையும் நோக்கிக் கூறிய இவை அனைத்தும் ஆலய நிருவாகங்களுக்கும் பொருந்துவன. 1894ஆம் ஆண்டில் காரைக்குடியிலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்த வெள்ளித்தேர் இன்றும் தைப்பூசத்தில் உலா வருகிறது. அதைப் பேணிய தலைமுறைகள் போற்றுதற்குரியன. ஆனால் எத்தனையோ ஆலயங்களில், திருப்பணி என்னும் பெயரால் பழைய சுதைச் சிற்பங்கள் இடிக்கப்பட்டுப் புதியன அமைகின்றன. நன்கொடையாளர் பெயர் பொறித்த பழைய பலகைகள் கழற்றப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர் காசு காசாகச் சேர்த்த கணக்கேடுகள் கறையானுக்கு இரையாகின்றன. புதுமை செய்தவர் பெயர் பளிங்கில் ஏறுகிறது. தொடக்கம் செய்தவர் பெயர் குப்பையில் சேர்கிறது. 2013ஆம் ஆண்டில் கடாரத்தில் நேர்ந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, இதை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை என்பது மட்டுமே.

பழமையைக் காத்தால் ஆலயம் வளராது என்று அஞ்சத் தேவையில்லை. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1973ஆம் ஆண்டிலேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வழிபாடும் தீமிதித் திருவிழாவும் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் குடமுழுக்கும் சிறப்புற நிகழ்ந்தது. பழமையைப் பேணியவாறே திருப்பணி செய்ய இயலும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

ஒவ்வோர் ஆலயமும் பெரும் பொருட்செலவின்றி உடனே செய்யத்தக்கவை சில உண்டு. விக்கிரகம், வாகனம், மணி, விளக்கு, தேர் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைப் படங்களுடன் ஆயத்தம் செய்யலாம். திருப்பணி தொடங்குமுன் கோபுரத்தையும் மண்டபத்தையும் அளந்து, எல்லாப் பக்கமும் படமெடுத்து வைக்கலாம். அகற்றுவது தவிர்க்க முடியாத பொருளுக்கு ஓர் அறை ஒதுக்கலாம். கூட்டக் குறிப்பேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் நிலப் பத்திரங்களையும் படியெடுத்து இரண்டு இடங்களில் பாதுகாக்கலாம். எழுபது, எண்பது அகவை கடந்த அடியார்களை அமர்த்தி, அவர்கள் அறிந்த ஆலய வரலாற்றை ஒலிப்பதிவு செய்யலாம். சமய வகுப்புக்கு வரும் சிறுவர்களிடம் இப்பணியில் ஒரு பகுதியை ஒப்படைத்தால், அதுவே அவர்களுக்குச் சிறந்த வரலாற்றுப் பாடமாகும். தம் ஆலயத்தின் பழைய மணியைத் துடைத்து, அதில் பொறித்த ஆண்டைப் படித்த சிறுவன், நாளை ஒரு நில அலுவலராகவோ பொறியாளராகவோ அமரும்போது, தன் மேசைக்கு வரும் வரைபடத்தில் ஒரு சண்டி இருப்பின் அதைக் காணத் தவறமாட்டான்.

நில ஏடும் மாணவர் ஏடும் ஒருசேர நிறையும்போதுதான் மண்ணுக்கடியில் உள்ளவை காக்கப்படும். சட்டம் இயற்றுவோரிடம் கோரிக்கை வைக்கும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. தத்தம் ஆலயத்தின் பட்டியலை எழுதும் பணிக்கோ எவருடைய ஆணையும் தேவையில்லை. இத்திருவிழா நிறைவுற்றுக் கொடி இறங்கியபின், நிருவாகத்தினர் கூடும் முதற்கூட்டத்தில் அப்பணி தொடங்குமாயின் இவ்வுரை தன் பயனை எய்தியதாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.