தாதியின் கீழ்ப்படிவும் மனச்சான்றும்
(எமது சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



நோயாளரைப் பேணுவோர்க்குரிய ஒழுக்கம் யாது என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். மிஷன் பாடசாலையிலே படித்த நாளில், கிரிமிய யுத்தத்தின்போது 1854ஆம் ஆண்டு ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்று தொண்டாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் சரிதத்தை விரும்பிக் கற்றோம். கையில் விளக்கேந்திய அவ்வம்மையாரின் படம் இன்றும் எம் மனக்கண்ணில் நிற்கின்றது. அன்பு ஒன்றே தாதியின் அறம் என்று அன்று எண்ணியிருந்தோம். அன்பு மட்டும் போதாது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவிலே நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்த்தே மருத்துவத்தை நால்வகையாக்கினார். அப்பேணுபவனுக்கு நான்கு குணங்கள் வேண்டுமென்பது பரிமேலழகர் உரை: நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை.

இவற்றுள் மூன்றாவதையும் நான்காவதையும் சற்றே சேர்த்து நோக்குவோம். சொன்னபடி செய்வது கடமையாயின், சொன்னதிலே பிழையிருந்தால் என்செய்வது?

1966ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஹோப்லிங் என்னும் மனநோய் மருத்துவரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தாதியர் முன்பின் அறியாத ஒருவர், தம்மை டாக்டர் என்று கூறிக்கொண்டு தொலைபேசியில் அழைத்து, ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கும்படி பணித்தார். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், இவ்வாறு சோதிக்கப்பட்ட 22 தாதியருள் 21 பேர் அதனைக் கொடுக்க முற்பட்டனர்! மருந்து வெறும் போலியே. அவர்களும் இடையில் தடுக்கப்பட்டனர். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். கேள்வி கேட்கப் பழகாதவர்கள்.

அனைத்துலகத் தாதியர் பேரவை 1953இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ நகரிலே தனது ஒழுக்க விதிகளை ஏற்றது. வைத்தியரின் கட்டளையை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுதல் அவற்றுள் ஒன்றாயிருந்தது. 1973இல் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது, தாதியின் முதற்பொறுப்பு பேணுதலை வேண்டி நிற்கும் மக்களுக்கே உரியது என்றாயிற்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனையே வலியுறுத்துகின்றது.

இதன் பொருளை நாம் கண்ணாரக் கண்டோம். எமது ஆச்சி காய்ச்சலாய் ஆஸ்பத்திரியிலே கிடந்த ஓரிரவு, ஊசிபோட வந்த இளந்தாதி, “ஆச்சி, முந்தி ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனதோ?” என்று கேட்டார். “பெனிசிலின் போட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், பிள்ளை” என்றார் ஆச்சி. கையிலிருந்ததும் அந்த ஊசியே. தாதி அதனைத் தட்டிலே வைத்துவிட்டு, உறங்கப்போன டாக்டரை அழைப்பித்தார். டாக்டர் முதலிற் சினந்தார். பின்னர் மருந்தை மாற்றி எழுதினார். அருகில் நின்ற நாமோ, “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று அத்தாதியைக் கடிந்திருந்தோம்! அந்த வெட்கம் இன்னும் எம்மை விட்டு நீங்கவில்லை.

அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்க வைத்தது அறிவு. சினத்துக்கு அஞ்சாது நிற்கவைத்தது நோயாளியிடத்து வைத்த அன்பு. இரண்டும் கூடியதே தாதியின் அறம்.

பெரியோர்களே! தாதியை ஏவலாளாக நடத்தினால், ஏவியதையன்றி வேறொன்றும் அவர் செய்யத் துணியார். உங்கள் பெண்மக்களும் ஆண்மக்களும் இத்தொழிலை நாடினால் தாழ்வென்று தடுக்காதீர்கள். வாலிபர்களே! நோயாளர் அருகிருக்க நாம் செல்லும்போது, தொடுமுன் அனுமதி கேட்போம். அவர் நோயைப் பிறர்க்கு உரையாதிருப்போம். எமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் கூறாதிருப்போம். பிழையெனக் கண்டதைப் பணிவோடு, ஆனால் அஞ்சாது, எடுத்துரைப்போம்.