வீட்டுப் பூனையின் உணவும் குணமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இரண்டு அறைகள் கொண்ட மாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவருள் பலர் இன்று பூனை வளர்க்கின்றனர். ஊரில் பூனையை நாம் வளர்த்தோம் என்று சொல்வதற்கில்லை. அது தானே வளர்ந்தது. பரணில் படுத்து உறங்கும். கொல்லையில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்னும். வேண்டும்போது அடுக்களை வாயிலில் வந்து நின்று குரல் கொடுக்கும். நாம் இட்ட மோர்சாதம் அதற்கு மேல் வரும்படியே அன்றிச் சம்பளம் அன்று. மாடி வீட்டுப் பூனைக்கோ கொல்லையும் இல்லை, எலியும் இல்லை. நாம் தட்டில் இடுவதே அதன் முழு உணவு. நாம் கதவைச் சாத்தும் இடமே அதன் உலகின் எல்லை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். பூனையின் குற்றங்கள் என்று நாம் அடுக்கும் குறைகளுள் பெரும்பாலானவை இந்த மறதியினின்று பிறப்பவையே.

முதலில் உணவைக் கவனிப்போம். பூனை புலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊன் உணவின்றி நலமாக வாழ இயலாத உடலமைப்பு உடையது. டாரின் என்று ஒரு சத்துப்பொருள் உண்டு. மனித உடல் அதை ஓரளவு தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே அது அதனைப் பெறவேண்டும். டாரின் குறைந்தால் நாளடைவில் கண்ணின் விழித்திரை பழுதடையும். இதயத் தசை தளர்ந்துபோகும். இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் 1987ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின்னரே பூனைத் தீனி செய்வோர் அப்பொருளைக் கூடுதலாகச் சேர்க்கலாயினர். காரட்டிலும் கீரையிலும் உள்ள சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் பூனைக்கு இல்லை. இனிப்புச் சுவையையே அது அறியாது. அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிருப்பது 2005இல் கண்டறியப்பட்டது.

சைவ உணவுக் குடும்பங்களில் இங்கே ஒரு தருமசங்கடம் எழுகிறது. எங்கள் வீடும் அத்தகையதே. தில்லியின் மாரிக்காலத்தில் ஒரு நாள், பால்கனியில் நடுங்கிக்கொண்டிருந்த கடுவன் குட்டி ஒன்றைக் குழந்தைகள் உள்ளே தூக்கி வந்தனர். அதன் நிறத்தைப் பார்த்து மிளகு என்று பெயரிட்டனர். காலையில் பால், மதியம் தயிர்சாதம், இரவில் மீண்டும் பால் என்று அன்போடு வளர்த்தோம். அதற்கு ஓயாத வயிற்றுப்போக்கு. அடுத்த வீட்டு வங்காளியர் மீன் கழுவும்போதெல்லாம் அங்கே ஓடியது. நாங்கள் அதைத் திருடன் என்றோம். கால்நடை மருத்துவர் அதைப் பட்டினிக்காரன் என்றார். வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பூனைக்குப் பாலே உணவு என்பது நாம் வழிவழியாக நம்பிவரும் தவறு. நம் விரதம் நமக்கு உரியது. அதைப் பூனையின் மேல் சுமத்துவது அறமாகாது. வீட்டில் ஊன் சமைக்க மனம் ஒப்பாதவர்கள், முழுச் சத்துணவு என்று குறிப்பிட்டு விற்கப்படும் ஆயத்தத் தீனியை வாங்கி, தனித் தட்டில் இட்டுவிடலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லை எனில், பூனை வளர்க்காதிருப்பதே நேர்மை.

புதிய தீனிக்கு ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றவேண்டும். பூனை இயல்பாகவே சிறு இரைகளைப் பலமுறை தின்னும் பிராணி. ஆகவே ஒரு நாளின் உணவை மூன்று நான்கு வேளைகளாகப் பகிர்ந்து இடுவது நன்று. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களை அழிப்பவை. சாம்பார் கலந்த சோற்றை எப்போதும் இடலாகாது. உலர்ந்த திராட்சையும் சாக்லெட்டும் ஆகா. எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. இரக்கத்தால் ஒரு துண்டு கொடுத்தாலும் உயிர் போகக்கூடும்.

உணவை மறுப்பதும் நாம் அடிக்கடி கேட்கும் குறை. தட்டு மாறியிருக்கலாம், தீனி நமுத்துப்போயிருக்கலாம், பல்லில் நோவு இருக்கலாம், மூக்கடைத்து மணம் அறியாதிருக்கலாம். உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழுந்து, பூனை உண்ணத் தொடங்குவதுண்டு. ஆனால் ஒரு நாள் முழுவதும் எதையுமே தொடாத பூனையை மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். கொழுத்த பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தால், உடற்கொழுப்புக் கல்லீரலில் வந்து நிறைந்து உயிருக்கே கேடு விளையும். பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவைப்பது பூனையின் விஷயத்தில் ஆபத்தான கொள்கை.

இனி, குணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே எங்கள் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். மருத்துவர் சொற்படி மிளகுக்கு உலர்ந்த தீனி வாங்கினோம். அது ஆவலோடு உண்டு கொழுத்தது. கவலை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். அதனால் அது இயல்பிலேயே குறைவாக நீர் அருந்துவது. உலர்ந்த தீனியில் ஈரமும் இல்லை. ஒரு மே மாதத்தில், தில்லியின் அனல்காற்றுக்கிடையே, குடியிருப்பை மாற்றிக்கொண்டோம். புது வீட்டில் மிளகு தன் மணல் தட்டை விட்டுவிட்டு, பாய் மீதும் துணி மூட்டை மீதும் சிறுநீர் கழிக்கலாயிற்று. அதட்டினோம், ஒரு நாள் அடித்தோம், பிறகு பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினோம். நான்காம் நாள் இரவு அது தட்டில் போய் உட்காரும், முக்கும், கத்தும், எழுந்து வந்து மீண்டும் போய் உட்காரும். மணலில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் தேடினோம். விடியுமுன் அது வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தபோதுதான் மருத்துவரிடம் ஓடினோம். சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறது என்றும், மேலும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திராது என்றும் அவர் சொன்னார். குழாய் செலுத்தி நீரை வெளியேற்றினர். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து மிளகு உயிர் தப்பியது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், நான்கு நாட்களாக வீட்டுக்குள்ளேயே சொல்லப்பட்டுவந்த ஒரு செய்திக்குத் தவறான பொருள் கொண்டுவிட்டோம். அது முரண்டு பிடிக்கவில்லை; வலிக்கிறது என்று சொல்லிற்று. ஆதலால் நேயர்கள் இதை மட்டுமேனும் நினைவில் வைக்கவேண்டும்: கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அது விடியும்வரை காத்திருக்கும் நோய் அன்று.

தட்டை விட்டு வேறிடத்தில் கழிக்கும் பூனைக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை. பிறகே மற்ற ஆராய்ச்சி. நோய் இல்லையெனில் தட்டைப் பாருங்கள். நாள்தோறும் அள்ளித் தூய்மை செய்கிறோமா? உணவுத் தட்டுக்கு அருகிலேயே வைத்திருக்கிறோமா? ஆரவாரமான இடத்தில் இருக்கிறதா? பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பது நல்ல வழக்கம். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுக்கு அப்பால், இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் பூனை மிகுதியாக நீர் அருந்தும். ஈரமான தீனியும் அவ்வப்போது கொடுத்துவரலாம். கடுவன் சுவரெங்கும் நீர் தெளித்து எல்லை வகுக்குமாயின், உரிய பருவத்தில் கருத்தடை அறுவை செய்துவிடுவதே வழி. பெரும்பாலான கடுவன்களிடம் அப்பழக்கம் அதன்பின் அடங்கிவிடும்.

நாற்காலியைப் பிராண்டுவது குறும்பு அன்று. அவ்வாறுதான் பூனை நகத்தின் பழைய உறையைக் கழற்றுகிறது. உடலை நீட்டி முறிக்கிறது. தன் மணத்தைப் பதிக்கிறது. உறுதியான பலகை ஒன்றில் சாக்கையோ தேங்காய் நார்க் கயிற்றையோ இறுகச் சுற்றி, அந்த நாற்காலியின் அருகிலேயே நிறுத்திவிடுங்கள். பூனை நின்று நீட்டும் அளவு உயரம் இருக்கவேண்டும்; ஆடலாகாது.

விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தி எழுப்புகிறது என்பர். அந்தியும் வைகறையும் பூனையின் வேட்டைக் காலங்கள். நாம் எழுந்து சென்று பால் ஊற்றினால், கத்தினால் பால் வரும் என்று அதற்குப் பாடம் கற்பித்தவராவோம். இரவு படுக்குமுன் கால் மணி நேரம் ஓடவிட்டு விளையாடி, அதன்பின் கடைசி உணவை இட்டால், வேட்டையாடி உண்ட நிறைவோடு உறங்கும். விளையாட்டுக்குக் கோலில் கட்டிய துணியைப் பயன்படுத்துங்கள். கையைக் காட்டி விளையாடினால் கையே இரை என்று கற்றுக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் நூலையும் கயிற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலை அறுக்கும். பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, மருத்துவரைக் காணவேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். பூனைக்குத் தடுப்பூசி போடுவதில் அசட்டை கூடாது.

இவற்றுள் எதற்கும் அடி மருந்தாகாது. பூனை அடிக்குக் காரணத்தை அறியாது. அடித்தவரை மட்டும் அறியும். அச்சம் மிகும்; அச்சத்தால் குறைகளும் மிகும்.

முடிவாக, நம்மவர்க்கே உரிய ஒரு சொல். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். சிலருக்கு ஊர் விட்டு ஊர் மாற்றல் உத்தரவும் வருகிறது. தில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட ரயில் பயணம் பூனைக்குப் பெருந்துன்பம். விடுமுறைக்காயின், நாள்தோறும் வந்து உணவும் நீரும் வைத்து மணல் அள்ளும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பதே மேல். மாற்றலாயின் உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாதாயின் மற்றொரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று மாடிப்படியில் விட்டுச் செல்வது கூடாது. பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அயலூரில் அறிமுகம் இல்லாத இடத்தில் வந்து இறங்கி, நம் சொல் பிறர்க்கும் பிறர் சொல் நமக்கும் விளங்காமல் தவித்த நாட்களை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் நம் குறிப்பறிந்து ஒரு குவளை நீர் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை. வாய் பேசாத உயிரின் குறிப்பை அறிந்து நடப்பது நம்மால் ஆகாத காரியம் அன்று.