'உக்கார எடம் கெடைச்சுதாடா?'

(சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)

பெரியவர்கள் நிறைந்த இந்தச் சபையில் உபதேசம் செய்யும் அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. முப்பது வருஷம் மும்பை லோக்கல் டிரெயினில் செம்பூரிலிருந்து ஃபோர்ட்டுக்கு ஆபீஸ் போய் வந்தவன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல முடியும்.

மும்பைக்காரர்களுக்கு 'நாலாவது சீட்' தெரியும். மற்ற ஊர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நாலாவதாக ஒருவர் வந்து 'தோடா சர்க்கோ' என்பார். மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்வார்கள். வந்தவர் பாதி உடம்பை பெஞ்சிலும் மீதியை அந்தரத்திலுமாக வைத்துக்கொள்வார். அது ரயில்வே கொடுத்த இடமல்ல. முன்பின் தெரியாதவர்கள் கொடுத்தது.

ரயிலில் நானும் நிறைய நகர்ந்து கொடுத்திருக்கிறேன். ஆத்தில்தான் நகரத் தெரியவில்லை.

அம்மா காலமான பிறகு அப்பா கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து இருந்தார். தினம் சாயந்திரம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், 'உக்கார எடம் கெடைச்சுதாடா?' என்பார். கிடைத்தது என்றால் 'பேஷ்'. இல்லை என்றால் 'த்சொ'. அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை.

ஒரு நாள் ஆபீஸ் எரிச்சலில், 'தெனமும் இதே கேள்விதானா? வேற ஒண்ணும் கேக்கத் தெரியாதாப்பா?' என்று சீறிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார். நான் நுழையும்போது பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். காலையிலேயே படித்து முடித்த பேப்பர்! 'அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்கோ' என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் வந்தது 2005 ஜூலை 26. அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை, கொலாபாவில் 73தான். அதனால் தெற்கே ஃபோர்ட்டில் இருந்த எங்களுக்கு வடக்கே ஊர் முழுகுவது தெரியவில்லை. டிரெயின் நின்றுபோனதும் நடக்க ஆரம்பித்தேன். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் இடுப்பளவு தண்ணீர். முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனோம். திறந்து கிடந்த சாக்கடைக் குழி பக்கத்தில் ஒரு பையன் நின்று, யாரும் விழாமல் இருக்கத் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தான். குடிசைப் பெண்கள் டீயும் பார்லே-ஜி பிஸ்கட்டும் நீட்டினார்கள். காசை எடுத்தால் கோபித்துக்கொண்டார்கள். செல்போன் வேலை செய்யவில்லை. ஆத்துக்குத் தகவல் சொல்ல வழியில்லை.

விடியற்காலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி பூராவும் அங்கேதான் என்று மனைவி பிறகு சொன்னாள். சொட்டச் சொட்ட நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதடு நடுங்கிற்று.

'உக்கார எடம் கெடைச்சுதாடா?' என்றார்.

'இல்லேப்பா. ஃபோர்ட்லேர்ந்து நின்னுண்டேதான் வந்தேன்.'

'த்சொ' என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் சொன்னார்: 'ஒரு தடவை ஒன்னோட அந்த ரயில்ல வந்தேனே, நசுங்கிப் போயிட்டேன். கொழந்தை நித்யம் இப்படியா போயிண்டு வரான்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. எனக்கு வேற என்னடா கேக்கணும்?'

அதன் பிறகு நாலு வருஷம் இருந்தார். ஒரு நாள் விடாமல் கேட்டார். எந்த ஸ்டேஷனில் இடம் கிடைத்தது, பக்கத்தில் யார், என்ன பேசினார்கள் என்று நானும் விஸ்தாரமாகச் சொன்னேன்.

இப்போது என் பெண் புனேயிலிருந்து தினம் போனில் 'மாத்திரை போட்டுண்டாச்சா?' என்று கேட்கிறாள். எத்தனை மாத்திரை, என்ன கலர், எந்த வேளை என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கிறேன். 'போறும்ப்பா' என்று அவள்தான் சிரித்துக்கொண்டே நிறுத்துகிறாள்.

நம் ஆத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிரியத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. 'சாப்பிட்டாச்சா?', 'குடை எடுத்துண்டியா?' என்றுதான் கேட்கத் தெரியும். இன்றைக்கு ஆத்துக்குப் போனதும் யாராவது அதே பழைய கேள்வியைக் கேட்டால், ஓர் அங்குலம் நகர்ந்து கொடுங்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லுங்கள்.